வெட்டவா, விடவா

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பொய் சொல்கிறார். நோர்வூட் கடைத்தெருவில் சொல்கிறார், பஸ்ஸில் சொல்கிறார், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்கிற பெண்களிடம் போய்ச் சொல்கிறார். நான் கூத்தைக் கெடுத்துவிட்டேனாம். அம்மனுக்குச் சேர வேண்டிய பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைத்துத் தின்றுவிட்டேனாம். அதனால்தான் கீழ் ரோட்டில் மண் சரிந்ததாம்.

பூசணிக்காயைத் தின்றது உண்மை. நன்றாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் பொய். ரோட்டோரத் தண்ணீர்க் கானைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை, தண்ணீர் நின்றது, மண் சரிந்தது. கானைப் பற்றித் தலைவர் பேச மாட்டார். அவருக்கு அம்மனைப் பற்றிப் பேசுவதுதான் வசதி.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். அழகாக எழுதத் தெரியாது. ஆனால் போன வருடத் திருவிழாவில் பந்தலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தின் மேல் மலையில், தேயிலைக்கு நடுவே ஒரு பெரிய மரம் நிற்கிறது. அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். தங்கச்சியம்மன் என்போம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் முதல் கொழுந்தை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் கூடையை முதுகில் போடுவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சியாக இருந்த ஒருத்தி, தப்படிக்கிறவர் மகனோடு போய்விட்டாள். அண்ணன்மார் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து இந்த மலையில் வைத்து வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு லயத்து வரிசை வீடுகளில் அம்மை வந்தது, பிள்ளைகள் செத்தன. பயந்துபோய்க் கல் நட்டுக் கும்பிட்டார்கள். இதுதான் கதை. நடந்த கதை என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டிய அண்ணன்மாரின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று சில வீடுகளில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு வருடத் திருவிழாவிலும் இதைக் கூத்தாக ஆடுவோம். வெட்டுகிற காட்சி மட்டும் பட்டப்பகலில், அந்தக் கல்லை ஒட்டிய கோயில் முன்பந்தலில் நடக்கும். தங்கச்சி வேஷம் கட்டுகிறவர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்கிற ஒரு அண்ணன். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி, தலைக்கு முன்னால் ஒரு நீற்றுப் பூசணிக்காயை வைத்துக்கொண்டு முட்டி போட்டு உட்காருவார். காயின் காம்புப் பக்கம் துளைபோட்டு உள்ளே குங்குமத்தைக் கொட்டி வைத்திருப்பார்கள். மூத்த அண்ணன் வாளை ஓங்கிக்கொண்டு சபையைப் பார்த்துக் கேட்பான்:

"சபையோரே, வெட்டவா, விடவா?"

சபை சொல்லும்: "வெட்டு!"

மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்று தடவையும் சபை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை தப்பு முழங்கும். வாள் இறங்கும், காய் பிளக்கும், சிவப்பு தெறிக்கும். அந்த நிமிடமே பெண்கள் எல்லோரும் ஓவென்று அழுவார்கள். வெட்டு என்று கத்திய அதே வாயால் அழுவார்கள். பாட்டுக்காரர் "விதி வந்தது, விதி வந்தது" என்று பாடுவார்.

அந்த மூத்த அண்ணன் வேஷம் என்னுடையது. எனக்கு முன்னால் என் அப்பாவுடையது. அதைக் கட்டிக்கொண்டு நிற்கிற சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. முகத்தில் அரிதாரம், கையில் உண்மையான வாள், எதிரில் எல்லா லயத்துச் சனமும். நான் ஒரு வார்த்தை கேட்டால் மலை அதிர்கிற மாதிரி பதில் வருகிறது. நோர்வூட் ஆட்டோ ஸ்டாண்டில் என்னை மதிக்காதவனெல்லாம் அன்றைக்கு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் அந்த விதி என்கிற சொல் மட்டும் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது. சாதாரண தர வகுப்பில் தமிழ் இலக்கியம் படித்தபோது ஒரு கதையில் கதாநாயகி செத்துப்போவாள். அவள் சாவுக்குக் காரணம் என்ன என்று பரீட்சையில் கேட்டார்கள். நான் சொந்தக்காரர்கள் என்று எழுதினேன். பாடம் எடுத்த சேர் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு விதி என்று எழுதிக் கொடுத்தார். எழுந்து கேட்டேன்: "சேர், கதவப் பூட்டுனது அவ மாமா. சோறு போடாதன்னு சொன்னது பெரியப்பா. விதி எந்தப் பக்கத்துல சேர் வருது?" வகுப்பே சிரித்தது. என்னை வெளியே நிற்க வைத்தார். வெளியே பனியில் நின்றுகொண்டு, நான் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படித்த கதைகளில் எல்லாம் இதைத்தான் பார்த்தேன். ராஜா வீட்டுக் கதையாக இருந்தாலும் குடியானவன் வீட்டுக் கதையாக இருந்தாலும், யாரோ நாலு பேர் வந்து "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்பார்கள். அதற்கப்புறம் ஒரு பெண் சாவாள். அந்த நாலு பேரின் பெயரைக் கதை சொல்கிறவர்களும் மறந்துவிடுவார்கள்.

இப்போது என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தங்கச்சி. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வாய் நீளம். ஹட்டனுக்குப் போவதென்றால் என் ஆட்டோவில்தான் நோர்வூட் வரைக்கும் வருவாள், வழியெல்லாம் என் ஓட்டத்தைக் குறை சொல்லுவாள். ஒரு நாளிலிருந்து ஆட்டோ வேண்டாம், நடந்தே போய் பஸ் எடுக்கிறேன் என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம். பஸ்ஸில் யார் போகிறார்கள் என்று பார்த்தேன். கீழ் லயத்துப் பையன் ஒருவன், ஹட்டனில் பேக்கரியில் வேலை செய்கிறவன். எங்கள் தப்புக்காரரின் மகன். கூத்தில் வாள் இறங்கும்போது தப்படிக்கிற அதே மனிதருடைய மகன்.

தங்கச்சியிடம் நேராகவே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமா. பேக்கரியிலருந்து மாலு பணிஸ் கொண்டாந்து குடுத்தான், விழுந்துட்டேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. செய்தி தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். தங்கச்சியோடு பேசுவதை நிறுத்தினாள். உடப்புசல்லாவையிலிருந்து பெரியம்மா போன் எடுத்து, உங்கள் வீட்டுப் பெண்ணால் எங்கள் பெண்களுக்கு இனி மாப்பிள்ளை வராது என்று அழுதார். மாமா ஒருவர், உங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் இனி வர மாட்டேன் என்றார். மலையில் கொழுந்தெடுக்கத் தேயிலை நிரை பிடிக்கும்போது தங்கச்சிக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்கவில்லை. அவள் ஒரு பக்கமாகத் தனியாகக் கொழுந்து எடுத்தாள்.

பிறகு வெற்றிலை. திருவிழாவுக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் தாம்பாளத்தோடு லயம் லயமாக வருவார்கள். ஒவ்வொரு காம்பரா வாசலிலும் வெற்றிலையும் பாக்கும் வைத்து அழைப்பார்கள். வெற்றிலை வைத்த வீடு ஊரைச் சேர்ந்த வீடு. வைக்காத வீட்டில் சாவு விழுந்தாலும் தூக்க ஆள் வராது. அன்றைக்கு அம்மா விடியலிலேயே வாசல் கூட்டிச் சாணி தெளித்துக் காத்திருந்தாள். பக்கத்துக் காம்பராவுக்கு வைத்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டினார்கள். எங்களுக்கு அடுத்த காம்பராவுக்கும் வைத்தார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தலைவர் தனியாக வந்தார். காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் நாற்காலி போட்டேன், உட்கார்ந்தார். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

"தம்பி, ஒங்கப்பன் பெரிய மனுசன். தங்கச்சின்னு பாக்காம சபைக்குக் கட்டுப்பட்டாரு. நீயும் அவரு புள்ளதான?"

"என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒன்னைய அவள வெட்டவா சொல்றேன்? அறுத்து விடத்தான் சொல்றேன். காய வெட்டு. வெட்டிட்டு அதே மைக்குல, இனிமே எங்களுக்கு அந்தப் பொண்ணு இல்ல, தலமுழுகிட்டோம்னு ஒரு வார்த்த. அன்னைக்குச் சாயந்திரமே ஒங்க வாசலுக்கு வெத்தல வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சொல்லுவான்."

தலைவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா சபைக்குக் கட்டுப்பட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ தொங்குகிறது. அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துப்போனவர். தீபாவளிக்குப் போட்டோவுக்கு மாலை போட்டு, புதுச்சேலை வைத்துப் படைப்போம். அவரும் வேறு ஆட்கள் வீட்டுப் பையன் ஒருவனைத்தான் விரும்பினார். அப்பா அதே கூத்தில் காயை வெட்டிவிட்டு, எனக்கு இனித் தங்கச்சி இல்லை என்று சபையில் சொன்னார். பிறகு அத்தையை அக்கரப்பத்தனையில், பெண்டாட்டி செத்துப்போன ஒரு ஆளுக்கு அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் அத்தையின் உடம்பு லொறியில் வந்தது. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. விதி என்றார்கள். அதற்குப் பிறகும் அப்பா ஒவ்வொரு வருடமும் காய் வெட்டினார். வெட்டிவிட்டு வந்தால் ரொம்ப நேரத்துக்கு யாருடனும் பேச மாட்டார். சாகிறவரைக்கும் அப்படித்தான்.

தலைவர் வந்துபோன அன்று சாயந்தரம் நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி கூடையை இறக்கிவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"எந்தப் பக்கமா அண்ணே வெட்டுவ? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"வாய மூடு."

"சொல்லேன். நா முடிய அந்தப் பக்கம் ஒதுக்கி வச்சுக்குறேன்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நீ மைக்குல சொல்லிட்டன்னா நா அவங்க வீட்டுக்கும் போக மாட்டேன் அண்ணே. அண்ணன் தலமுழுகுன பொண்ணுன்னு அங்க போயி நிக்க மாட்டேன். இங்கயும் இருக்க மாட்டேன்." பிறகு கதவு வழியாக உள்ளே சுவரைப் பார்த்தாள். "அத்தை போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிக்க எடம் இருக்குல்ல?"

அவள் சிரித்தாள். எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பையனிடமும் சொன்னேன், அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மலைக்குப் போகிற வழியில் நின்றான்.

என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. சொல்ல மாட்டேன் என்றால் அம்மா செத்துவிடுவாள் போலிருந்தது. சொன்னால் தங்கச்சி. வேஷமே கட்ட மாட்டேன் என்றாலும் ஊர் விலக்குத்தான், அம்மா வாசலில் அப்படியேதான் நிற்பாள்.

வழியைக் காட்டியது தலைவர்தான். இதைத்தான் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு நாள் பின்னேரம் ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போனேன். மழை. வேறு யாரும் வந்து சேரவில்லை. தலைவர் மட்டும் மண்டபத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆள் வருகிறவரைக்கும் உன் பாகத்தைப் பார்ப்போம், ஆடு என்றார். ஆடினேன். வாளை ஓங்கினேன். "சபையோரே, வெட்டவா, விடவா?" என்று கேட்டேன். மண்டபத்தில் அவர் ஒருவர்தான். பதில் வரவில்லை. ஓங்கிய கையோடு நின்றேன்.

"சொல்லுங்க தலைவரே. நீங்க சொன்னாத்தான் நா எறக்கலாம்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அதெல்லாம் சபை சொல்லணும்பா. நா தனியா வெட்டுன்னு சொல்லி, அந்தப் பாவத்த நா எதுக்குக் கட்டிக்கணும்?"

நான் கையை இறக்கினேன். அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வெறும் பூசணிக்காயை வெட்டச் சொல்வதற்கே இந்த மனிதருக்குத் தனியாக வாய் வரவில்லை. கூட்டத்தோடு என்றால் இவர்தான் முதல் ஆளாகக் கத்துகிறவர். அப்படியென்றால் அந்த ஏழு அண்ணன்மாருக்கும் ஒருவன்கூடத் தனியாகச் சொல்லியிருக்க மாட்டான். என் அப்பாவுக்கும் யாரும் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். விதி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அன்றைக்கு வகுப்பில் கேட்டேனே, பதில் கிடைத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன், ஆட்டோவைக் கோயிலிலேயே விட்டுவிட்டு.

தங்கச்சியிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கூத்தன்று முன்வரிசையில் வந்து உட்கார், பயப்படாதே என்று. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், ஆனால் வருகிறேன் என்றாள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

திருவிழா அன்று வெயில். மலையில் அப்படி வெயில் அடிப்பதே அபூர்வம். பந்தல் நிறையச் சனம். எங்கள் வாசலுக்கு வெற்றிலை வைக்காவிட்டாலும் வேஷக்காரன் வீடு என்பதால் அம்மாவையும் தங்கச்சியையும் யாரும் தடுக்கவில்லை. தலைவர் சால்வை போட்டுக்கொண்டு முன்னால் நாற்காலியில் இருந்தார். பந்தலுக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தப்புக்காரர் தோளில் தப்போடு நின்றார். அவருடைய இடம் எப்போதும் அங்கேதான். அவர் இல்லாமல் கூத்து இல்லை, ஆனால் அவர் சபையில் சேர்த்தி இல்லை.

நான் வாளை ஓங்கினேன். முதல் தடவை கேட்டேன். "வெட்டு!" என்று பந்தல் அதிர்ந்தது. இரண்டாம் தடவை கேட்டேன். முன்னதைவிடப் பெரிதாக வந்தது. முன்வரிசையில் என் தங்கச்சி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். நேராகத் தலைவரிடம் போனேன்.

"தலைவரே, நீங்க தனியா சொல்லுங்க. வெட்டவா, விடவா?"

மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. கூத்தில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறேன் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அவர் சிரித்தார். "கூத்த நடத்துப்பா" என்றார். பதில் சொல்லுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் பொருளாளர். அவர் தலைவரைக் கை காட்டினார். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு தடவை மலை அதிரக் கத்திய கூட்டம் அது. மைக்கை முன்னால் நீட்டியதும் ஒவ்வொருவராகக் காலைப் பார்க்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார்கள், இருமுகிறார்கள். கைதட்டல் நின்றுவிட்டது. எல்லோருக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சூடு. அப்படி ஒரு வேகம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. மேடையில் தங்கச்சி வேஷக்காரர் முட்டி போட்டபடியே, "டேய், சீக்கிரம் முடிவு பண்ணுங்கடா, முட்டி போச்சு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கம் வந்தேன். முதலில் இருந்தது அம்மா. மைக்கை நீட்டினேன். கேள்வியைக்கூட நான் முழுதாகக் கேட்கவில்லை.

"விடு" என்றாள் அம்மா.

பெட்டியில் அந்தச் சொல் மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அம்மா எழுந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் மைக் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"எங்க நாத்தனா இதே பந்தல்ல ஒக்காந்திருந்துச்சு. அன்னைக்கி நானும் வெட்டுன்னுதான் கத்துனேன். யாருக்குன்னு தெரிஞ்சேதான் கத்துனேன். தனியா கேட்டிருந்தா சொல்லிருக்க மாட்டேன். ஒருத்தரும் தனியா கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி அம்மாவின் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

நான் மைக்கை எடுத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் போனேன். கயிற்றைத் தூக்கினேன். தப்புக்காரர் ஒரு அடி பின்னால் போனார். எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை "ஏய் தப்பு" என்றுதான் கூப்பிடும். அவர் வயது யாருக்கும் கண்ணில் பட்டதில்லை. மைக்கில், எல்லாச் சனமும் கேட்கக் கூப்பிட்டேன்.

"மாமா, நீங்க சொல்லுங்க. வெட்டவா, விடவா?"

அந்த மாமா என்ற சொல்லுக்குத்தான் பந்தலில் சலசலப்பு வந்தது. தலைமுழுகிவிட்டோம் என்று சொல்ல வேண்டிய மைக்கில் நான் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தப்புக்காரர் என்னைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார்.

"என்னைய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே தம்பி" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "விட்ருங்க" என்றார்.

அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. ஒருத்தி விடு என்றாள். இன்னொருத்தி விடு என்றாள். தங்கச்சியின் பக்கத்து நிரையில் நிற்க மாட்டேன் என்று போன பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போனவர்களும் நிறையப் பேர். ஆனால் வெட்டு என்று மட்டும் ஒருவர்கூடத் தனியாகச் சொல்லவில்லை. ஒருவர்கூட. வெட்டு என்ற மூன்றாவது பதில் வராததால் நான் வாளை இறக்கிக் கல்லின் முன்னால் வைத்தேன். மாமா தப்பை அடித்தார். வெட்டுக்கு அடிக்கிற அடி இல்லை, கல்யாணத்துக்கு அடிக்கிற அடி. பிள்ளைகள் ஆடின. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தங்கச்சி வேஷக்காரரும் முட்டியைத் தேய்த்துவிட்டு ஆடினார்.

பூசணிக்காய் முழுதாக மேடையில் கிடந்தது. அதைத் தங்கச்சிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். குங்குமம் பட்ட பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். பாதியை ஒரு சட்டியில் ஊற்றிக் கீழ் லயத்துத் தப்புக்காரர் வீட்டுக்கு அனுப்பினாள். எங்கள் மேல் லயத்துக் கறி அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. நானும் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் குறைவு.

தங்கச்சிக்கு ஹட்டனில் பதிவுக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேலை செய்கிற பேக்கரியிலிருந்தே கேக் வந்தது. உடப்புசல்லாவைப் பெரியம்மா வரவில்லை. எதற்கும் வர மாட்டேன் என்ற மாமா வந்தார், சாப்பிட்டார், யாரோடும் பேசாமல் போனார். அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் லயத்துக்குப் போய் மகளோடு உட்கார்ந்திருக்கிறாள். முதல் தடவை போனபோது அங்கே தண்ணீர் குடிக்கத் தயங்கினாள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இதைத்தான் தலைவர் கூத்தைக் கெடுத்தது என்கிறார். காய் வெட்டாததால் அம்மன் கோபப்பட்டாளாம். தன்னை வெட்டியவர்களின் கும்பிடையே ஏற்றுக்கொண்ட அம்மன், பூசணிக்காய்க்காகக் கோபப்படுவாளா? செத்த பிறகு மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது அவள் வாசலுக்கு ஒரு வெற்றிலை வைக்க மனம் வரவில்லை. என் அத்தைக்கும் அப்படித்தான், போட்டோவுக்குப் புதுச்சேலை.

அதுகூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் கமிட்டிக் கூட்டத்தில் புதிதாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இந்த வருடத்திலிருந்து கூத்தில் கேள்வி கிடையாதாம். மூத்த அண்ணன் யாரையும் கேட்காமல் நேராக வெட்ட வேண்டுமாம். வேஷமும் எனக்கு இல்லை, வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். நடு லயத்தில் என் தங்கச்சியைப் போலவே ஒருவனை விரும்பிய இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் வீட்டிலும் கதவு பூட்டியிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அவளுடைய அண்ணனுக்குத்தான் இந்த வேஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தற்செயல் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

தலைவரே, இதைப் படிக்கிறவர்கள் உங்களிடம் கொண்டுவந்து தருவார்கள். கடைத்தெருவில் பதில் சொல்லாதீர்கள். பஸ்ஸில் சொல்லாதீர்கள். கொடியேற்றத்தன்று மைக் கட்டுவார்கள், எல்லா லயத்துச் சனமும் வரும், நான் முன்வரிசையில் இருப்பேன், என் அம்மாவும் தப்புக்கார மாமாவும் பக்கத்தில் இருப்பார்கள். ஊர் சொல்லுது, சபை சொல்லுது, சாமி சொல்லுது என்று ஆரம்பிக்கக் கூடாது. நடு லயத்துப் பெண்ணின் அண்ணன் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு நீங்கள் ஒருவராக, உங்கள் வாயால், பதில் சொல்லுங்கள்.

வெட்டவா, விடவா?